குள்ளநரி ஆமோஸின் உறை

பழைய துப்பாக்கி உறைகளைச் சேகரிக்கிற எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போலி உறையை அசல் என்று கொண்டுவந்து மாட்டிக்கொண்டவர், அன்றைய சாப்பாட்டுக்கு அதே உறையை இடுப்பில் கட்டிக்கொண்டு, துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாழைப்பழத்தைச் செருகிக்கொண்டு உட்கார வேண்டும். இறைச்சி தீர்ந்து, பீன்ஸ் தீர்ந்து, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட பலகாரம் தீர்ந்து, கடைசி ஆள் காப்பி குடித்து எழுந்து போகும்வரை பழத்தைத் தொடக் கூடாது. அப்படி உட்கார்ந்த ஒரு பல் டாக்டர் மறுவாரமே வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்கே போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் யாருக்கும் பல் சரியில்லை.

பழம் வாங்கி வருவது என் பொறுப்பு. காலமெல்லாம் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு எங்கள் ஊர் ராட்டில் க்ரீக் கொடுத்த ஒரே பதவி அதுதான். நான் ஏனோதானோ என்று வாங்குகிறவன் இல்லை. துப்பாக்கிப் பிடி மாதிரி நன்றாக வளைந்திருக்க வேண்டும், காம்பு வெளியே தெரிய வேண்டும். கடையில் சீப்பு சீப்பாகப் பிரித்துப் பார்ப்பேன். கடைக்காரி என்னைப் பார்த்தாலே உள்ளே போய்விடுவாள்.

வெளியூர்க்காரர்கள் பழைய துப்பாக்கிக்கு அலைவார்கள். நாங்கள் அதைச் சுற்றியிருந்த தோலுக்கு அலைகிறவர்கள். துப்பாக்கி என்ன பெரிய துப்பாக்கி? தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரம் ஆயிரமாக வந்து விழுந்தது. உறை அப்படியா? சேணம் தைக்கிறவன், சேணத்துக்கு வெட்டியது போக நல்ல தோலாகப் பார்த்து, இன்னாருடைய இடுப்புக்கு என்று வெட்டி, ஈரமாக இருக்கும்போதே வடிவம் பிடித்து, ரோஜாவும் இலையும் அடித்து, கடைசியில் தன் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுப்பான். மெக்சிகோக்காரர்களிடம் பார்த்துக் கற்றுக்கொண்டு, பின்பக்கத் தோலிலேயே வளையம் வெட்டி, உறையை அதற்குள் நுழைத்து மடக்கினான் பாருங்கள், அதற்குப் பிறகு எவ்வளவு குதிரை குதித்தாலும் உறை இடுப்பை விட்டு நகராது. முத்திரை இருந்தால் உறைக்கு ஒரு மதிப்பு. முத்திரையோடு, இதை இன்ன கொள்ளைக்காரன் கட்டியிருந்தான் என்ற கதையும் இருந்தால் அதற்கு மதிப்பே சொல்ல முடியாது, அடிதடிதான். அப்படிக் கதையோடு வந்த உறைகளை எல்லாம் நம்பினால், மொன்டானாவில் ரயில் மறித்த ஒவ்வொருவனுக்கும் நாற்பது இடுப்பாவது இருந்திருக்க வேண்டும்.

ஆர்வில் ட்ரெஸ்க்கிடம் இருந்தது அப்படி ஓர் உறை. ஆர்வில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆள் ஒல்லி, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போடுவான். ஒரு ஈயைக்கூட வழிவிட்டுத்தான் அடிப்பான். ஆனால் அவனுடைய தாத்தா ஆமோஸ் ட்ரெஸ்க் இருக்கிறாரே, குள்ளநரி ஆமோஸ், அவர் ரயிலை மறித்தவர், வங்கியை உடைத்தவர், குதிரையிலிருந்தபடியே பறக்கிற குருவியின் எந்தக் கண்ணில் சுட வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சுட்டவர். இதெல்லாம் ஆர்வில் சொன்னது. ஆர்வில் சொன்னதில் பாதியை நான் தபால் கொடுக்கப் போன இடமெல்லாம் சொன்னேன். மீதிப் பாதி நானே சேர்த்தது.

எங்கள் பக்கத்தில் கொள்ளைக்காரன் பேரன் என்றால் எழுந்து நின்று கை கொடுப்பார்கள். மாட்டுக்காரன் பேரன் என்றால் உட்கார்ந்தபடி கை கொடுப்பார்கள். செம்மறி ஆட்டுக்காரன் பேரன் என்றால் கை கொடுத்துவிட்டு, வெளியே போய்க் கழுவுவார்கள். மாடு மேய்கிற புல்லை வேரோடு தின்றவை செம்மறிகள் என்று அந்தக் காலத்தில் நடந்த சண்டை இன்னும் எங்கள் ஊர் மூக்கில் இருக்கிறது. கம்பளிச் சட்டை மட்டும் எல்லோரும் போடுவோம்.

ஆமோஸின் கதைக்குச் சாட்சி வேறெங்கும் இல்லை, எதிரி வீட்டிலேயே இருந்தது. எங்கள் சங்கத்து ட்வைட் பெல்க்கியின் தாத்தா ஹைராம் அப்போது துணை ஷெரிஃப். தனியாளாகக் குள்ளநரி ஆமோஸைப் பிடிக்க மலைக்குப் போனார். ஆமோஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு குண்டு சுட்டார். இரண்டும் ஹைராமின் மான்தோல் கால்சட்டையில் ஒரு விரல் இடைவெளியில் பாய்ந்தன. அந்தக் கால்சட்டையை ட்வைட் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறான். குண்டு பட்ட இடம் தொடை என்பான். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்குத் தொடை என்று பெயர் வைத்தால், நாற்காலியில் நாம் எல்லோரும் தொடையால்தான் உட்காருகிறோம்.

ஆமோஸ் குறி தப்பாதவர் என்று ட்ரெஸ்க் வீட்டாரும், ஹைராம் பயப்படாதவர் என்று பெல்க்கி வீட்டாரும் அந்த இரண்டு ஓட்டையைக் காட்டியே மூன்று தலைமுறை தலைநிமிர்ந்து நடந்தார்கள். பயப்படாதவருக்குப் பின்பக்கம் எப்படிக் காயம் பட்டது என்று கேட்டால் ட்வைட் உடனே மழையைப் பற்றிப் பேசுவான்.

இப்படி இருக்கும்போது கோர்ட்டுக் கட்டடத்தில் வரி கட்டுகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப் போவதாகச் செய்தி வந்தது. சங்கத்தின் கண்காட்சியில் முதல் இடம் பிடிக்கிற பொருள், குடும்பப் பெயர் எழுதிய அட்டையோடு, அதில் நிரந்தரமாக இருக்கும். ஆர்வில் உறையை எழுதிக் கொடுத்தான். ட்வைட் கால்சட்டையை எழுதிக் கொடுத்தான்.

கண்காட்சி அன்று காலை ஆர்வில் என் வண்டியில்தான் வந்தான். உறையை ஒரு தலையணை உறைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தான். கண்காட்சி மைதானத்தில் வண்டியை நிறுத்தினதும் சொன்னான்.

"வெர்னு, எனக்குப் பிள்ளை இல்ல, குட்டி இல்ல. நான் போயிட்டா ட்ரெஸ்க்குங்கிற பேரு கல்லறைல மட்டும்தான் இருக்கும். கல்லறைக்கு யாருடா வர்றான்? வரி கட்ட எல்லாப் பயலும் வந்துதானே ஆகணும்."

எனக்குக் கேலியாக ஒன்றும் தோன்றவில்லை. அது என் வாழ்க்கையில் இரண்டாவது தடவை. முதல் தடவை என் கல்யாணத்தில்.

தீர்ப்புச் சொல்ல ஷையன் நகரத்திலிருந்து வந்திருந்தாள் லெனோரா வாஸ். குட்டையான பெண்மணி, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி, கையில் ஊதா வெளிச்சம் அடிக்கிற டார்ச். அந்த வெளிச்சத்தில் பாலியஸ்டர் நூல் பல்லைக் காட்டி மின்னும். பழைய லினன் நூல் சும்மா இருக்கும். அவளை ஏமாற்ற ஆட்கள் பண்ணாதது கிடையாது. தேநீரில் ஊறவைத்தான் ஒருவன். குதிரைச் சாணத்தில் புதைத்தான் ஒருவன். இன்னொருவன் புது உறையை நாய்க்குப் போட்டு ஒரு மாதம் கடிக்கவிட்டான். லெனோரா அதை முகர்ந்து பார்த்து, நாய் இன்ன ஜாதி, அதற்கு வயிறு சரியில்லை என்றாளாம். நாய் மறுநாள் வாந்தி எடுத்தது.

ட்வைட் அவளுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு ஆள் பெரியது, குரல் அதைவிடப் பெரியது. ஆர்விலின் மேசைக்கு வந்து உறையை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"டேய் ஆர்வில், நூறு வருஷத்துத் தோலுன்னா நம்ம முட்டி மாதிரி இருக்கணும்டா, நடந்தா சத்தம் வரணும். உன்னுது கன்னுக்குட்டி காது மாதிரில்ல இருக்கு."

"எங்க தாத்தா நல்லா வச்சிருந்தாரு."

"எண்ணெய் போட்டியா?"

கண்காட்சிக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். எங்கள் கூட்டத்தில் இதைவிடக் கேவலமாக ஒருவனைக் கேட்க முடியாது. பழைய தோலுக்கு எண்ணெய் போட்டால் கறுத்துப்போகும், தையல் இற்றுப்போகும், காலம் தடவின அந்த நிறம் ஒரே நாளில் ஓடிவிடும். என் மனைவி போனி ஒரு தடவை என் பிறந்தநாளுக்கு என்று அன்போடு ஓர் உறைக்கு எண்ணெய் போட்டு வைத்தாள். நான் ஒரு வாரம் கொட்டகையில் போய்ப் படுத்தேன். ஏன் போய்ப் படுத்தேன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது, அவள் அதை ஒரு நல்ல வாரமாகத்தான் நினைவு வைத்திருக்கிறாள்.

"எண்ணெய் போட்டா என் கை அழுகட்டும்" என்றான் ஆர்வில். கழுத்துப் பித்தான் மேலும் கீழும் போனது.

ட்வைட் என் பக்கம் திரும்பி, பழம் தயாரா என்று கேட்டான். தயார் என்றேன். அந்த வருடத்துப் பழம் சொக்க வைக்கும் அழகு, அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

லெனோரா வந்தாள். டார்ச்சை அடித்தாள். தையல் மின்னவில்லை. முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். 'ஈ. கோல்பெக், சேணம் தைப்பவர்' என்று இருந்தது. கோல்பெக் கடை தீப்பிடித்து அழிந்ததால் அவன் கையால் தைத்த உறைகள் எண்ணிச் சொல்கிற அளவில்தான் மிச்சம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரோஜாவின் இதழ்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு, அசல், கோல்பெக் கைதான், இதைவிட நன்றாக இருக்கிற கோல்பெக்கை நான் பார்த்ததில்லை என்றாள்.

ஆர்வில் நாற்காலியைத் தேடினான். ட்வைட்டின் முகம், பஸ் போன பிறகு நிற்கிற ஆளின் முகம் மாதிரி ஆனது.

அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. உறைக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்து விரல்களைத் தேய்த்தாள், முகர்ந்தாள். மறுபடியும் விட்டாள், மறுபடியும் முகர்ந்தாள். உறையைத் தலைகீழாகப் பிடித்து நுனியைப் பார்த்தாள். முகத்தில் முதல் தடவையாகச் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது.

"மிஸ்டர் ட்ரெஸ்க், இதுக்குள்ள என்னிக்காவது துப்பாக்கி இருந்துச்சா?"

ஆர்வில் என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்தான். அவள் சாவதானமாகச் சொன்னாள். துப்பாக்கி குடியிருந்த உறையில் குண்டு போடுகிற உருளை இருந்த இடம் புடைத்திருக்கும். குழாய் முனையில் இருக்கிற குறி பார்க்கும் மூக்கு, எடுக்கும்போதும் வைக்கும்போதும் உள்ளே ஒரு கோடு கிழித்திருக்கும். இதில் புடைப்பும் இல்லை, கோடும் இல்லை. ஆனால் நுனியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குத்து இருக்கிறது. உள்ளே முழுக்க ஒரு கொழுப்பு ஊறியிருக்கிறது, அதனால்தான் தோல் இத்தனை வருஷம் காயவே இல்லை. அது எண்ணெய் இல்லை.

"அப்ப அது என்னங்க?" என்றான் ஆர்வில்.

அவள் நேராக வெளியே போனாள். கூடத்தை ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகள் கண்காட்சிக்குக் கொண்டுவந்த ஆடுகள் கட்டியிருக்கிற கொட்டகை. திரும்பி வரும்போது கையில் ஒரு கத்தரி இருந்தது. நீளமான இரண்டு அலகு, வில் மாதிரி வளைந்த பிடி, செம்மறிக்கு ரோமம் வெட்டுகிற கைக்கத்தரி. அதை உறைக்குள் விட்டாள். கால் செருப்புக்குள் போகிற மாதிரி போய் உட்கார்ந்தது. இரண்டு முனையும் நுனியில் இருந்த இரண்டு குத்துக்கு நேராக நின்றன. கத்தரிப்பிடி வெளியே அழகாகத் தெரிந்தது, என் வாழைப்பழத்தைவிட அழகாக என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

"செம்மறி ரோமக் கொழுப்பு" என்றாள் லெனோரா. "வருஷக்கணக்கா ஊறியிருக்கு."

செம்மறி. அந்த வார்த்தை கூடத்தில் ஒரு சுற்று வந்தது. ஆர்விலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஒருவர் கையைக் கால்சட்டையில் துடைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ட்வைட் சிரித்தான் பாருங்கள், கொட்டகையில் ஆடுகள் பதில் கொடுத்தன. மொன்டானாவையே நடுங்க வைத்த குள்ளநரி ஆமோஸ் ஆட்டுக்கு நாவிதரா என்று கேட்டான். வங்கிக்குள் நுழைந்து, பின்னால் கொஞ்சம் குறைக்கட்டுமா என்று கேட்டிருப்பாரோ என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுடா பழத்தை என்றான் என்னிடம்.

இது போலியா என்று ஒரு விவாதம் வந்தது. தோல் அசல், கதைதான் போலி என்றார்கள் சிலர். கதையும் உறையில் ஒரு பாகம்தான், கதைக்குத்தானே மதிப்புக் கொடுக்கிறோம் என்றார்கள் பலர். ஆர்வில் கத்தரியை எடுத்து மேசைமேல் வைத்தான். உறையை எடுத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, இடுப்பில் கட்டினான். ஒல்லி உடம்பு, கடைசி ஓட்டையில் போட்டும் வார் தொளதொளத்தது. பிறகு என் முன்னால் கையை நீட்டினான்.

"குடுடா வெர்னு."

நான் எத்தனையோ பேருக்குப் பழம் கொடுத்திருக்கிறேன். அன்று சட்டைப்பையிலிருந்து பழம் வெளியே வரமாட்டேன் என்றது. அப்போது என் வாய், வழக்கம்போல என்னைக் கேட்காமல், ட்வைட்டைப் பார்த்து ஒன்று கேட்டது.

"அது சரி ட்வைட்டு, அவருகிட்டத் துப்பாக்கியே இல்லன்னா, உங்க தாத்தாவை யாருடா சுட்டது?"

ட்வைட்டின் சிரிப்பு பெட்ரோல் தீர்ந்த வண்டி மாதிரி இரண்டு தடவை குலுங்கி நின்றது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அங்கே சட்டத்துக்குள் கால்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. லெனோரா ஏற்கெனவே அதன் முன்னால் போய் நின்றுவிட்டாள். சட்டத்தைக் கழற்றச் சொன்னாள். குண்டு பாய்ந்தால் வட்டமாக ஓட்டை விழும், இது சட்டைப் பித்தான் ஓட்டை மாதிரி நீளமாக இருக்கிறதே என்றாள். தோல் சுருங்கியிருக்கும் என்றான் ட்வைட், ஆனால் அவனே நம்பாத குரலில். அவள் கத்தரியைக் கொஞ்சம் விரித்து முனைகளை வைத்தாள். இரண்டு முனையும் இரண்டு ஓட்டையில், வீட்டுச் சாவி மாதிரி இறங்கின.

இப்போது ஆர்வில் நிமிர்ந்தான். பழத்துக்காக நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டான்.

"ஏண்டா ட்வைட்டு, எங்க தாத்தா பாட்டுக்கு ஆட்டுக்கு ரோமம் வெட்டிட்டு இருந்திருக்காரு. ஆட்டுப்பட்டில உங்க தாத்தாவுக்கு என்னடா வேலை? அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டு?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிற மாதிரி எல்லோருக்கும் பட்டது. செம்மறிக்காரர்களின் பட்டிக்கு இருட்டில் போய் வேலியைப் பிடுங்கிப் போடுவது அந்தக் காலத்தில் மாட்டுக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு. பிடுங்கப் போனவர்கள் குத்துப்பட்டுத் திரும்பிய கதையும் உண்டு. துணை ஷெரிஃப் ஹைராமும் அப்படிப் போய், பட்டிவேலிக்கு மேல் ஒரு காலைப் போட்டிருந்தபோது பின்னால் வாங்கினார் என்று வைத்துக்கொண்டால், ஓட்டைகளின் உயரம்கூடச் சரியாக வருகிறது. கூட்டம் மனதுக்குள் அளந்து பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ட்வைட்டுக்கு வேர்த்தது. பெரிய உடம்பு, வேர்க்க நிறைய இடம்.

கால்சட்டையை ஒரு தடவை பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"ஆடு ஆமோஸோடதுன்னு யாருய்யா சொன்னது?"

ட்வைட் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"அடுத்தவன் ஆடு அது. ராத்திரியோட ராத்திரியா பட்டில புகுந்து, ஒரு மந்தையையே மொட்டை அடிச்சு ரோமத்தைத் தூக்கிட்டுப் போனவன்தான் குள்ளநரி ஆமோஸு. அதுக்குத்தான் எங்க தாத்தா பிடிக்கப் போனாரு. பிடிச்சுட்டாரு. கட்டுறதுக்குக் கயிறு எடுக்கத் திரும்பினாரு, அப்பத்தான் குத்திட்டான்."

ஆர்வில் அவனையே பார்த்தான். மூக்கை உறிஞ்சினான்.

"எங்க தாத்தா திருடன்தான்கிறே?"

"சாதாரணத் திருடனா? எமகாதகன்."

"எத்தனை ஆடு இருக்கும்?"

"நானூறு இருக்கும்."

"எழுநூறு" என்றான் ஆர்வில்.

"சரி, எழுநூறு. ஆனா எங்க தாத்தா தனி ஆளாப் போனாரு."

"போனாரு. அதை நான் என்னிக்குமே இல்லன்னு சொன்னதில்லயே."

இதற்கெல்லாம் என்ன ஆதாரம் என்று கேட்டாள் லெனோரா. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் கால்சட்டையைக் காட்டினார்கள். ஒரே இரவில் ஒரே ஆள் எழுநூறு செம்மறிக்கு ரோமம் வெட்ட முடியுமா என்று கேட்டாள். கத்தரி கோல்பெக் உறையில் இருந்தது அம்மா, உருவுகிற வேகம் அப்படி என்று நான் விளக்கம் சொன்னேன். அவள் என்னைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

துப்பாக்கி இருந்த உறை எத்தனையோ பார்த்துவிட்டேன், கத்தரி குடியிருந்த உறையை இன்றுதான் பார்க்கிறேன், கத்தரி குத்தின கால்சட்டையோடு சேர்த்து இன்னொன்று கிடைக்கவே கிடைக்காது, இரண்டும் ஒரே பெட்டிக்குள் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். ஆனால் அட்டையை நான்தான் எழுதுவேன், எனக்குத் தெரிந்ததைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது என்றாள். பிறகு பழம் யாருக்கும் வேண்டாமே என்று என் சட்டைப்பையிலிருந்து தானே எடுத்து, உரித்து, தின்றுகொண்டே வண்டிக்குப் போனாள். சங்கத்தின் வரலாற்றில் எந்தப் பழத்துக்கும் அவ்வளவு நல்ல சாவு கிடைத்ததில்லை.

கண்ணாடிப் பெட்டி இப்போது வரி ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உறைக்குள் கத்தரி, அதற்குப் பின்னால் கால்சட்டை, பின்பக்கம் முன்னால் தெரியும்படி. அட்டையில் நாலே வரி: 'ஆமோஸ் ட்ரெஸ்க்கின் துப்பாக்கி உறை. இதில் துப்பாக்கி இருந்ததில்லை. ஹைராம் பெல்க்கியின் கால்சட்டை. இதில் குண்டு பாய்ந்ததில்லை.'

இதைப் படிக்கிற எவனும் அடுத்ததாகப் பக்கத்தில் இருக்கிறவனிடம், அப்படியானால் என்னதான் நடந்தது என்று கேட்காமல் நகர முடியாது. பக்கத்தில் இருப்பது ஆர்வில்தான். காலையில் கோர்ட் திறக்கும்போது வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறான். கழுத்துப் பித்தானைக் கழற்றிவிட்டான். நான் போன வாரம் வரி கட்டப் போனபோது ஆடு மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. ட்வைட் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். ஹைராமுக்கு இப்போது இரண்டு பக்கமும் குத்துப்பட்டிருக்கிறதாம்.